அம்மா விழவில்லை

தர்ஷினி, கவின், இதை மற்றவர்கள் படிப்பதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் படிக்க வேண்டும். அப்பா உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் தைப்பூசம் முடிந்து இரண்டாவது வியாழக்கிழமை. மாலையில் எதிர்வீட்டு ஆ லிங் அன்ட்டி உங்களைக் கொண்டுவந்து விட்டபோது, அம்மா தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. ரோட்டுல மழைத் தண்ணி" என்று நான் சொன்னேன். அன்று மழையே இல்லை. கவின், நீ திரும்பி வாசல் பக்கம் பார்த்தாய். தரை காய்ந்து கிடந்தது. ஒன்றும் கேட்காமல் காலுறையைக் கழற்றப் போனாய். ஒன்பது வயதுப் பிள்ளை அப்பாவை நம்ப வேண்டும் என்பதற்காகத் தன் கண்ணை நம்பாமல் விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு சுடுகிறது.

சமய வகுப்பு டீச்சர், பிள்ளைகளின் ஆண்டு மலருக்குப் பெற்றோர் யாராவது அம்மன் தங்களுக்குச் செய்த உதவியை எழுதித் தருவீர்களா என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தோம். நானும்தான். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். சிகாமட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் கற்ற தமிழ். இப்போது கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "எழுதுங்க. நான் விழுந்தேன்னு எழுதாதீங்க, அவ்ளோதான்" என்றாள். அதனால் எழுதுகிறேன். வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். இது உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

நடந்தது இதுதான்.

அம்மா பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை முடித்து, பகல் இரண்டு மணிக்கு பெர்மாஸ் ஜெயா பஸ் நிறுத்தத்தில் இறங்கினாள். கையில் ஒரு பை. கீரை, அரைக் கிலோ கோழி. நம் வீட்டு கேட்டுக்கு ஐம்பது அடி கூட இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் அம்மாவின் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தான். உடனே அறுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறுபடவில்லை. மோட்டார் அம்மாவை இழுத்துக்கொண்டு போனது. அப்புறம்தான் அறுந்தது. அம்மாவின் தோள் எலும்பு உடைந்தது.

அந்தச் செயினில் இருந்தது தாலி.

நான் வேலையிடத்திலிருந்து ஓடி வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை ஒரு கையால் மூடிக்கொண்டிருந்தாள். ரத்தத்தை மூடுகிறாள் என்று நினைத்தேன். அவள் மூடியது வெறுங்கழுத்தை. "என்னங்க, மொதல்ல மஞ்சள் எடுங்க" என்றாள். தோள் ஒரு பக்கம் தொங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கேட்கவில்லை. சாமி மேடையிலிருந்து மஞ்சள் கிழங்கை எடுத்து, நூலில் மஞ்சள் தடவி, கிழங்கைக் கோத்து நான் கட்டினேன். முடிச்சு விழவில்லை. மூன்று தடவை கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் அம்மா மூச்சு விட்டாள்.

பிறகு சொன்னாள்: "யார் கேட்டாலும் நான் விழுந்துட்டேன்னு சொல்லுங்க. தாலிய அறுத்துட்டாங்கன்னு வாயால சொல்ல வேணாம். உங்களுக்கு ஆவாது."

எனக்கு ஆகாது. அதாவது என் உயிருக்கு ஆகாது. நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். தாலி அறுந்தது என்று பெண் வாயால் சொன்னால் அது புருஷனுக்கு வந்து சேரும் என்று. நான் ஆண்பிள்ளை, "அடப் போடி, உண்மையைச் சொல்லு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் பயம். அந்தப் பயத்தைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். மலாயில் அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். விழுந்துவிட்டாள் என்றேன். எங்கே என்று அம்மாவிடம் கேட்டார். அதற்கும் நான் பதில் சொன்னேன்.

"என்சிக், நான் உங்களக் கேக்கல. புவானைக் கேக்கறேன்" என்று அம்மாவைக் காட்டினார்.

"அவங்களுக்கு மலாய் அவ்வளவா வராது டாக்டர்" என்றேன். பாலர் பள்ளியில் நாள் முழுக்க மலாய் பேசுகிறவள் உங்கள் அம்மா. என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

டாக்டர் அந்த மஞ்சள் கயிற்றை லேசாகத் தூக்கினார். கயிறு இன்னும் ஈரம். அதன் கீழே கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. "இது எப்படி வந்துச்சு?"

"பை வார் மாட்டிக்கிச்சு" என்றேன்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தாதியிடம் ஏதோ சொன்னார். தாதி என்னை வெளியே உட்காரச் சொன்னார். சிறிது நேரத்தில் கையில் ஃபைலோடு ஒரு அம்மையார் வந்து, அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, நடைவழியின் கடைசியில் இருந்த ஓர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் சமூகநலம் பார்க்கும் அதிகாரி. புவான் ரொஹானி என்று பெயர். நானும் பின்னால் போனேன். "என்சிக் இங்கேயே இருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். கதவில் ஒரு பெயர்ப்பலகை கூட இல்லை. பத்து நிமிடத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். அம்மாவின் கைபேசி உடைந்துவிட்டதால் புவான் ரொஹானி என் எண்ணை எழுதிக்கொண்டு, தன் எண்ணையும் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

காரில் வரும்போது கேட்டேன். "என்ன கேட்டாங்க உள்ள?"

"உங்க வீட்டுக்காரர் அடிக்கிறாரான்னு கேட்டாங்க. இல்ல, விழுந்துட்டேன்னேன்."

எனக்கு வந்ததே கோபம். "என்னைப் பாத்தா அப்படியா இருக்கு? பதினாலு வருஷத்துல ஒரு நாள் உன்மேல கை நீட்டியிருக்கேனா?"

"கை நீட்டி ஒரு தட்டுகூட கழுவினதில்ல" என்றாள் அம்மா. வலியிலும் சிரித்தாள். அதுதான் கடைசிச் சிரிப்பு. அதன்பிறகு மூன்று மாதம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த அம்மையாரின் எண்ணை என் கைபேசியில் "எடுக்காதே" என்று பெயர் போட்டு வைத்தேன். அவர் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. சமையலறையில் தொங்கிய கோயில் காலண்டரில், வியாழக்கிழமைக் கட்டத்தில், மருத்துவ விடுப்பைக் கணக்கு வைக்க "அம்மா விழுந்த நாள்" என்று நீல மையில் எழுதினேன். பொய்யை எழுதியும் வைத்தாயிற்று.

தோள் எலும்பு கூடிக்கொண்டு வந்தது. அம்மா கூடி வரவில்லை. கேட்டைப் பூட்டியே வைத்தாள். தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் இரண்டு கையும் கழுத்துக்குப் போகும், குழம்புக் கரண்டியோடு. வேலைக்குப் போகவில்லை. வாசல்படி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளுக்கும் வர மறுத்துவிட்டாள். கவின், ஒரு நாள் நீ பின்னால் வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்தாய். அம்மா அலறி உன்னைத் தள்ளிவிட்டாள். உன் தலை ஐஸ்பெட்டியில் இடித்தது. நீ அழவில்லை, "சாரி மா" என்றாய். நீ என்ன தப்பு செய்தாய்? அம்மாவுக்கு உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். இல்லைப்பா, இல்லை. அவள் தள்ளியது அந்த மோட்டார்க்காரனை.

கெலாங் பாத்தாவிலிருந்து உங்கள் அத்தை பார்க்க வந்தார். உட்காருவதற்கு முன்பே கழுத்தைப் பார்த்துவிட்டார். "செயின் எங்கடி?"

"பாலிஷ் போடக் கடையில குடுத்திருக்கோம்க்கா" என்றேன் நான். இன்னொரு பொய்.

சீனப் பெருநாளுக்கு வந்திருந்த ஆ லிங் அன்ட்டியின் மகன் மறுபடியும் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அன்ட்டியின் வாசல் பூந்தொட்டியை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று அவர் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக் கேமராவில் பழையதை எல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறான். அன்ட்டி என் கேட்டைத் தட்டினார்.

"முத்து, நீ வா. இது பாரு லா." அன்ட்டியின் கைபேசியில் எட்டு விநாடி. மோட்டார் தொட்டியில் இடித்துக்கொண்டு போகிறது. அதன் பக்கத்தில் உங்கள் அம்மா, கழுத்தால் இழுபட்டுக்கொண்டு. பிறகு மோட்டார் இல்லை. அம்மா தரையில் கிடக்கிறாள். எழுந்திருக்கிறாள். ஒரு கையால் சிதறிய கீரையைப் பொறுக்கிப் பையில் போடுகிறாள்.

"இதுதான் உன் மழைத் தண்ணியா?" என்றார் அன்ட்டி.

நான் அந்தத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளே, கீரையைப் பொறுக்கினாள். நமக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு.

மறுநாள் விடுப்பு எடுத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்தார். "இதுல விழுந்ததுன்னு போட்டிருக்கு. இப்ப வந்து இழுத்தாங்கன்னு சொல்றீங்க. எது உண்மை?" வீடியோவைக் காட்டினேன். "முகம் தெரியல. நம்பர் தெரியல. நீங்க ஆஸ்பத்திரில மொதல்ல மாத்திட்டு வாங்க." ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவுப் பிரிவுக்குப் போ என்றார்கள். பதிவுப் பிரிவில், போலீஸ் புகார் இருந்தால்தான் தொட முடியும் என்றார்கள். மறுபடி போலீஸ். மறுபடி ஆஸ்பத்திரி. மூன்று நாள். ஒரு முகப்பில் ஒருவர் என்னிடம் பேசிக்கொண்டே கைபேசியில் நண்டு விலை விசாரித்தார். இன்னொரு இடத்தில், "பாதிக்கப்பட்டவங்க ஏன் வரல? அவங்க வரட்டும்" என்றார்கள். வாசல்படி இறங்காதவளை எப்படி ஐயா கூட்டி வருவது?

பொய் சொன்னது நான்தான். அந்தக் குற்றம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் கேட்டது என்ன? செயினையா கேட்டோம்? ஒரு பெண்ணை நடுத்தெருவில் இழுத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள் என்று கேட்டோம். திருடனுக்கு எட்டு விநாடி போதுமாக இருந்தது. அதை எழுதிக்கொள்ள இத்தனை பேருக்கு மூன்று நாள் போதவில்லை. கோயிலிலும் கதை எப்படியோ பரவிவிட்டது. அன்னதான வரிசையில் ஒருவர் என் காதுபடச் சொன்னார்: "நகையப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தா இழுக்காம என்ன பண்ணுவான்?" என் தட்டைக் கீழே வைத்தேன். "அது நகை இல்லண்ணே, தாலி. உங்க வீட்ல கழட்டி வச்சிட்டா நடக்குறாங்க?" என்றேன். வெளியே முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் சந்நிதியில் நின்றேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கவில்லை. எனக்கு அம்மன்மேலும் கோபம். நேராகக் கேட்டேன். "உன்னைக் கும்பிட்டுட்டு வேலைக்குப் போனவதானே? உன் பேரைச் சொல்லிக் கட்டின கயிறுதானே அது? நீ பாத்துக்கிட்டு இருந்தியா?" பக்கத்தில் நின்ற பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் இவ்வளவுதான் வந்தது: "தாயே, செயின் வேணாம். அவனுங்களப் பிடிக்கலன்னாலும் பரவால்ல. ஒரே ஒரு ஆளை அனுப்பு. என்னை நம்ப வேணாம். அவகிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்டு, அவ சொல்றத நம்புற ஒரு ஆளு."

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. சந்நிதியில் எடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். மறுபடி அதிர்ந்தது. தீபாராதனை முடிந்து, திருநீறு வாங்கி, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

திரையில் "எடுக்காதே" என்று இருந்தது. இரண்டு தடவை.

அவளிடம் கேட்டு அவள் சொல்வதை நம்பும் ஆள். அந்த ஆளை அம்மன் மூன்று மாதமாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான்தான் எடுக்காதே என்று பெயர் போட்டு வைத்திருந்தேன்.

கோயில் வாசலிலேயே திருப்பிக் கூப்பிட்டேன். "புவான், நான் விமலாவோட வீட்டுக்காரன்."

"கடைசியா எடுத்தீங்க" என்றார். "உங்க மனைவி சிகிச்சைக்கு வரல. உயிரோட இருக்காங்களா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அப்படித்தான் கேட்டார். நான் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "நீங்க சொன்னது போதாது என்சிக். அவங்க சொல்லணும். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்க வெளியில உட்காரணும்" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். தாலி என்ற சொல்லை நான் கோயிலில் பத்துப் பேர் முன்னால் சொன்னதையும் சொன்னேன். "சொல்லிட்டு நல்லாத்தான் இருக்கேன் பாரு. ரெண்டு தோசை சாப்பிட்டேன்." "சரி வரேன். ஆனா உள்ள நான் தனியா போறேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காரைக் கேட்டுக்கு உள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினேன், அவள் தெருவில் கால் வைக்காமல் ஏறட்டும் என்று. அந்தப் பெயரில்லாத கதவுக்கு வெளியே, ஆரஞ்சு நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே புவான் ரொஹானியும், தமிழ் பேசும் ஒரு மனநல ஆலோசகரும். முதலில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு அம்மா அழும் சத்தம். விழுந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை. பாருங்கள், இப்போதுகூட விழுந்த நாள் என்று எழுதுகிறேன். பழக்கம் அப்படி. இழுத்துத் தள்ளப்பட்ட நாளிலிருந்து அவள் அழவே இல்லை. அந்த அறையில்தான் அழுதாள்.

கதவு திறந்து புவான் ரொஹானி வெளியே வந்தார். "என்சிக் முத்து, மன்னிச்சிருங்க. நீங்கதான் அடிச்சீங்கன்னு நான் முடிவே பண்ணிட்டேன்."

"பரவால்ல புவான்."

"ஆனா நீங்க பொய் சொன்னா நான் சந்தேகப்படுவேன். அது என் வேலை லா." சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

அதன்பிறகு நடந்ததைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஏனென்றால் அவ்வளவு உதவியும் முன்பே இருந்திருக்கிறது! அந்தச் சின்ன டாக்டர், கழுத்துக் காயம் இழுத்ததால் வரக்கூடியதுதான் என்று எழுதிக் கொடுத்தார். முதல் நாளே குறித்து வைத்திருக்கிறார், நான் சொன்ன பொய்க்குப் பக்கத்திலேயே. புவான் போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எந்தப் புகாரையும் முதலில் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும், காகிதம் அப்புறம் வரலாம் என்று அவர்களிடம் மெதுவாகத்தான் சொன்னார். அதே நிலையத்தில், நான் மூன்று நாள் அலைந்த அதே முகப்பைத் தாண்டி, ஒரு பெண் சார்ஜன் அம்மாவை உட்கார வைத்து, டீ கொடுத்து, இரண்டு மணி நேரம் எழுதினார். தோளுக்குப் பயிற்சி, வாரம் ஒரு தடவை தமிழில் ஆலோசனை. ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி அம்மா முதல் வாரம் கேட் வரை நடந்தாள். அடுத்த வாரம் அன்ட்டியின் பூந்தொட்டி வரை. தர்ஷினி, நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய் வந்தாயே, அது எத்தனை பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்தாய்.

இத்தனையும் இருக்கிறது, நம் வரிப்பணத்தில்தான் நடக்கிறது, ஆனால் கதவில் பெயர் இல்லை! கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். கேட்கத் தெரிந்தால்தானே? அடிபட்டவள் எந்தக் கதவு என்று தேடிக்கொண்டா போவாள்?

இன்னொரு பெண்ணிடமும் அதே இருவர் செயினை இழுத்து, அங்கே மாட்டிக்கொண்டார்கள். மோட்டாரை வைத்து நம் வீடியோவும் பொருந்தியது. செயின் கிடைக்கவில்லை. உருக்கியிருப்பார்கள். வழக்கு இழுத்து இழுத்து இந்த வருடம் பங்குனியில்தான் வந்தது. இரண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். புவான் ரொஹானி முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்: "தண்டனை சொல்றதுக்கு முன்னால, இதனால உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கோர்ட்ல சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா நீங்க கேக்கணும். கேக்கலன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க."

அரசாங்க வழக்கறிஞர் கட்டுக் கட்டாக ஃபைல்களோடு அவசரமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "துவான், என் மனைவி பேசணும்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கட்டாயம் பேசணுமா?" அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். அழகான மலாயில் சொன்னாள்: "ஆமா. பேசணும்."

பேசினாள். கோர்ட்டில் தமிழில்தான் பேசினாள், மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லச் சொல்ல. அந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். "நான் விழல. என்னை இழுத்துக்கிட்டுப் போனாங்க. மூணு மாசமா எல்லார்கிட்டயும் விழுந்துட்டேன்னு சொன்னேன். என் பிள்ள என்னைக் கட்டிப்பிடிச்சப்போ தள்ளிவிட்டேன். அவன் என்கிட்ட சாரி சொன்னான். அந்த சாரிய நீங்க ரெண்டு பேரும் சொல்லியிருக்கணும். நீங்க எடுத்துட்டுப் போனது செயின் இல்ல. என் தாலி." அந்தச் சொல்லை அத்தனை பேர் முன்னால் சொன்னாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், முழுசாக. சாகவில்லை பிள்ளைகளே.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. எத்தனை வருடம் என்பது இங்கே முக்கியமில்லை. வெளியே வந்ததும் அம்மா, "பசிக்குது" என்றாள். கோர்ட்டுக்கு எதிர்க்கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டாள். மூன்றாவது என் தட்டிலிருந்து எடுத்தாள்.

சிலர் என்னிடம் சொல்வார்கள், கேமரா இருந்தது, அதிகாரி தன் வேலையைச் செய்தார், இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று. நான் பெரிய படிப்பாளி இல்லை, வாதாடத் தெரியாது. நான் கேட்டது ஓர் ஆள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் கூப்பிட்டார். எனக்கு அது போதும். ஒவ்வொரு வெள்ளியும் நன்றி சொல்கிறேன். இப்போது தட்டும் கழுவுகிறேன், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. யாராவது உங்களை அடித்தால், இழுத்தால், பயமுறுத்தினால், "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். சாமிக்கு ஆகாது, அப்பாவுக்கு ஆகாது, குடும்பத்துக்கு ஆகாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நம் பொய்யால் காப்பாற்ற வேண்டிய நிலையில் அம்மன் இல்லை. அவளிடம் அழுங்கள், கோபப்படுங்கள், கேளுங்கள். கேட்டுவிட்டு, யார் வருகிறார் என்று பாருங்கள். வேறு சாதி, வேறு மொழி, தலையில் துடோங் முக்காடு போட்ட ஓர் அம்மையாராகக்கூட வரலாம். உங்களைச் சந்தேகத்தோடு பார்த்தவராகவும் இருக்கலாம். போனை எடுங்கள்.

தர்ஷினி, கவின், இதை எழுதி முடித்தபோது நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள், தனியாக, பஸ்ஸில். எனக்கு இரண்டாம் ஷிப்ட். வீட்டில் நான் மட்டும். அம்மன் படம் போட்டது என்பதால் போன வருடக் காலண்டரை நாம் எறியவில்லை, அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தோம். அதை எடுத்து மேசையில் விரித்தேன். சுருண்டு சுருண்டு வந்தது. நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தேன். தைப்பூசத்துக்கு அடுத்த இரண்டாவது வியாழன். நீல மை கொஞ்சம் வெளுத்திருந்தது. "அம்மா விழுந்த நாள்" என்பதை அடித்தேன். கட்டம் சின்னது, இடம் போதவில்லை. வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்கும் சேர்த்து எழுதினேன்: "அம்மாவை இழுத்துத் தள்ளிய நாள். அம்மா எழுந்து வந்தாள்."

மை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.